வியாழன், நான்கு மணி

ரொசாரியோவில், சோபா தைக்கும் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் என் அறை.
வியாழக்கிழமை நான்கு மணிக்கு எவரிஸ்தோ வருவார்.
ஐம்பத்திரண்டு வயது, நகரப் பேருந்து ஓட்டுநர்.
சீருடையின் கழுத்துப் பட்டியில் தைத்த துணிச்சீட்டை
வெட்டி எடுத்திருப்பார்.
நாளெல்லாம் பிடரியில் அது பேசிக்கொண்டே இருக்குமாம்.

முதல் நாளே கேட்டார்:
"அந்தக் கடிகாரத்தை வேறெங்காவது வைக்க முடியுமா?"
பதினோரு வருடமாய் அங்கே மாட்டியிருக்கிறது.
அதற்கு ஓசை உண்டு என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
சமையலறைக்குக் கொண்டுபோய்
மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டு வந்தேன்.
"இன்னும் கேட்கிறது" என்றார்,
"ஆனால் மாவு வழியாகக் கேட்கிறது. பரவாயில்லை."

தலைக்கு மேலே நீளக் கண்ணாடி, அதில் நாற்பது முகம்.
யாருக்கு இன்று வேலை போனது,
எந்தப் பெண் மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கப் போகிறாள்,
எந்த ஜோடி வீட்டுச் சண்டையைப்
பொட்டலம் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறது,
எல்லாம் தெரிந்துவிடும்.
அவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள்.
பொட்டலங்கள் இறங்காது.
"ராத்திரி பணிமனையில் வண்டியைக் கழுவுகிறார்கள், டாக்டர்.
என்னை யார் கழுவுவது?"

படித்ததையெல்லாம் கொடுத்தேன்.
மணிக்கட்டில் குளிர்ந்த நீர்,
வேலை முடிந்ததும் இருபது நிமிடம் இருட்டு அறை,
எண்ணி விடும் மூச்சு.
ஒரு நோட்டுப் புத்தகம், நடுவில் கோடு:
இந்தப் பக்கம் என்னுடையது, அந்தப் பக்கம் பிறருடையது.
மூன்று வாரத்தில் பிறர் பக்கம் வழிந்தது.
தன் பக்கத்தில் ஒரே ஒரு வரி:
ஷூ கடிக்கிறது.

பள்ளியில் தொட்டாச்சிணுங்கி என்றார்களாம்.
ஆற்றங்கரையில் அந்தச் செடியைப் பார்த்திருக்கிறார்.
"அது சிணுங்குவதில்லை.
மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.
போனதும் திறக்கிறது."

ஏழு வயதில், இரவுச் சாப்பாட்டு மேசை.
அப்பா கத்தியைக் கீழே வைத்த விதம்.
அம்மாவின் முகத்தில் வலிய ஒட்டிய சிரிப்பு.
"ஏன் அழுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறான் பையன்.
யாரும் அழவில்லை. சூப்பைக் குடி.
"நாற்பத்தைந்து வருடமாய்
அந்தச் சூப்பைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

ஆகஸ்டில் ஒரு வியாழன். தெற்குக் காற்று.
மதியம் கோர்தோபாவிலிருந்து தங்கை அழைத்திருந்தாள்.
பரிசோதனை முடிவு வந்துவிட்டது.
முகம் கழுவினேன், உதட்டுச் சாயம் பூசினேன்.
என் முகத்துக்கு இருபத்தாறு வருடப் பயிற்சி.
எவரிஸ்தோ நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்,
ஒரு வாக்கியம் தொடங்கினார், பாதியில் விட்டார்.
"ஏதாவது நடந்ததா, டாக்டர்?"

ஒன்றுமில்லை, உங்களைப் பற்றிப் பேசுவோம்.
இது எங்கள் தொழில் தந்த பதில்.
தப்பும் இல்லை.
நாக்கு நுனிவரை வந்தது.
அதில் சூப் வாசம் அடித்தது.

"ஆமாம்" என்றேன்.
"எனக்கு ஒரு கெட்ட செய்தி.
உங்களால் வந்ததல்ல, நீங்கள் தூக்கவும் வேண்டாம்.
ஆனால் நீங்கள் கண்டது சரி."

அழுவார் என்று நினைத்தேன்.
கொட்டாவி விட்டார்.
இடி ஓய்ந்த பிறகு கட்டிலடியிலிருந்து வெளிவரும் நாய் போல
நீளமாக, தாடை நடுங்க, இன்னொன்று.
தோள் இறங்கியது. அத்தனை மாதத்தில்
நாற்காலியின் முதுகில் அவர் முதுகு பட்டது அன்றுதான்.
பிறகு நாங்கள் பேசவில்லை.
கீழே சோபாக்காரர் ஆணி அடித்தார். அவர் திடுக்கிடவில்லை.
மணி என்னவென்று யாருக்குத் தெரியும்,
கடிகாரம் மாவுக்குள் இருந்தது.
அடுத்தவர் அழைப்பு மணியை அழுத்தியபோது
பன்னிரண்டு நிமிடம் அதிகமாகியிருந்தது.

வாசலில் நின்று நோட்டைத் திறந்து
எதையோ எழுதினார்.
எந்தப் பக்கத்தில் என்று நான் பார்க்கவில்லை.

இரவு தங்கையை அழைத்தேன்.
"ஒன்றும் ஆகாது" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டேன்.
"பயமாயிருக்கிறதா?"
"ஆமாம்" என்றாள், உடனே,
யாராவது கேட்கமாட்டார்களா என்று
மத்தியானத்திலிருந்து காத்திருந்ததுபோல.